கதிர் பட்ட மாம்பழமும் 10 என்ற எண்ணும்

சித்திரை பிறந்து மாங்காய் சீசன் சூடு பிடித்தால் போதும், தருமபுரி பக்கம் ஒரு பேச்சும் கூடவே கிளம்பிவிடும்.

"ஃபாரினுக்குப் போற மாம்பழத்துக்கெல்லாம் அணுக்கதிர் ஏத்தறாங்களாம்ணா. தின்னா நம்ம உடம்புலயும் கதிர் ஏறிக்குமாம்."

சொல்பவர் காரிமங்கலத்தில் கூடை சுமப்பவராக இருக்கலாம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் எம்.எஸ்சி. பட்டதாரியாகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே வாட்ஸ்அப் செய்திதான்.

இதற்குப் படித்தவர்கள் சொல்லும் பதிலும் ரெடிமேட்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. டார்ச் லைட் அடிச்சா மாம்பழம் டார்ச் லைட் ஆயிடுமா? எக்ஸ்ரே எடுத்தா நீங்க கதிரியக்கம் ஆயிடறீங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். விவகாரம் முடிந்ததாக அர்த்தம்.

முடியவில்லை! முதல் பேச்சு பொய். இரண்டாவது பேச்சு சோம்பேறித்தனம். போதுமான ஆற்றல் உள்ள கதிரை அடித்தால் மாம்பழம் கதிரியக்கம் பெறத்தான் செய்யும். அந்த இடத்தில் டார்ச் லைட் உதாரணம் உடைந்து போகும். 'ஆகவே ஆகாது' என்று சொல்லிவிட்டு, நாளைக்கு யாராவது ஒரு இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் எந்த முகத்தோடு நிற்பது?

சரியான பதில் இதுதான்: "இந்த எண்ணுக்குக் கீழே ஆகாது, ஏனென்றால்..." அந்த எண் 10. அந்த 'ஏனென்றால்' தான் இங்கே யாரும் சொல்லாத கதை. எலக்ட்ரான் போய் இடித்தால் அணுக்கரு என்ன செய்கிறது என்ற கதை.

முதலில் மாம்பழம்

பழைய தருமபுரி மாவட்டம் என்றால் கிருஷ்ணகிரியும் சேர்த்துத்தான். 2004 பிப்ரவரியில்தான் தனியாகப் பிரிந்தது. மாமரத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. காரிமங்கலம், பாலக்கோடு தொடங்கி அந்தப் பக்கம் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வரை தோப்புகள்தான். இதில் கிளிமூக்கு என்கிற பெங்களூரா கூழ் ஆலைக்குப் போகிற ரகம். செந்தூரா, நீலம், அல்போன்சா எல்லாம் உண்டு. ஆலைக்காரர் சொல்வதுதான் விலை. 2025 பருவத்தில் கிளிமூக்கு விலை சரிந்து கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் விவசாயிகள் தெருவுக்கு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆலையைத் தாண்டி ஒரு சந்தை வேண்டும் என்றால் கடல் கடக்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல். மாங்கொட்டைக்குள் ஒரு வண்டு குடியிருக்கும். வெளியே பார்த்தால் பழம் பளபளவென்று இருக்கும், அறுத்தால்தான் தெரியும். வெந்நீரில் முக்கி எடுத்தாலும் கொட்டைக்குள் இருப்பது சாகாது. இந்த மாதிரிப் பூச்சிகளுக்குப் பயந்துதான் அமெரிக்கா இந்திய மாம்பழத்தைப் பல வருடங்கள் உள்ளே விடவில்லை. 2007-ல் கதவைத் திறந்தபோது போட்ட நிபந்தனை, குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு கொடுத்திருக்க வேண்டும் என்பது. நாசிக் பக்கம் வெங்காயத்துக்குப் பேர் போன லாசல்காவ்ன் ஊரில் இருக்கும் கோபால்ட் மையம்தான் அந்த முதல் பழங்களுக்குக் கதிர் கொடுத்தது.

400 கிரே என்றால் எவ்வளவு? ஒரு கிலோ பழத்துக்கு 400 ஜூல். ஒரு கிலோ தண்ணீரை 0.1 டிகிரி சூடாக்கும் அளவு. அவ்வளவுதான். ஆனால் வண்டின் செல்லுக்குள் டி.என்.ஏ.வை உடைத்து, அது வம்சம் வளர்க்காமல் செய்ய இது போதும்.

இந்தக் கதிரை மூன்று வழியில் கொடுக்கலாம். கோபால்ட்-60 தரும் காமா கதிர், எக்ஸ் கதிர், எலக்ட்ரான் கற்றை. எலக்ட்ரான் கற்றைக்கு உலக உணவுத் தர விதியான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்ச வரம்பு 10 மெகா எலக்ட்ரான் வோல்ட். எக்ஸ் கதிருக்கு 5 (அமெரிக்கா 2004-ல் சில நிபந்தனைகளோடு 7.5 வரை விட்டது). இந்தியாவிலும் எலக்ட்ரானுக்கு அதே 10 தான். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் இந்த வேலைக்காகவே 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் முடுக்கிகளை உருவாக்கியிருக்கிறது.

ஏன் 10? ஏன் 20 இல்லை? ஏதோ ஒரு கமிட்டியில் உட்கார்ந்து ரவுண்டாக ஒரு நம்பர் போட்டார்களா?

எலக்ட்ரான் இடித்தால்

மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது நீளமான பெயர், 'மெ.எ.வோ.' என்று சுருக்கிக்கொள்ளலாம். வீட்டு கரண்ட் 230 வோல்ட். ஒரு எலக்ட்ரானை ஒரு கோடி வோல்ட் வழியாக ஓடவிட்டால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் 10 மெ.எ.வோ.

இப்படி ஓடி வரும் எலக்ட்ரான் பழத்துக்குள் நுழைந்ததும் அதன் ஆற்றலில் பெரும்பகுதி மற்ற எலக்ட்ரான்களை இடித்தே தீர்ந்துவிடும். அது வெறும் வேதியியல். மூலக்கூறு உடையும், வண்டு மலடாகும். எப்போதாவது ஒரு எலக்ட்ரான், அணுவின் நட்டநடுவில் இருக்கும் கருவுக்குப் பக்கத்தில் போய் திசை திரும்பும். அதுதான் எலக்ட்ரான் சிதறல்.

ஆற்றலைக் கொடுக்காமல் திரும்பினால் அதை வைத்துக் கருவின் அளவையும் வடிவையும் கண்டுபிடிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 1950-களில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் செய்தது இதைத்தான். 1961-ல் நோபல் பரிசு வாங்கினார். திரும்பும்போது கருவுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போனால் கதை வேறு. கரு கிளர்வு நிலைக்குப் போய்விடும்.

இந்த ஆராய்ச்சி, கணக்குப் பதிவியல் படிக்கிறவனுக்கு இயற்பியல்காரனை விடச் சீக்கிரம் புரியும். எலக்ட்ரான் உள்ளே வந்தபோது இருந்த ஆற்றல் தெரியும். வெளியே போகும்போது எவ்வளவு என்று அளக்கலாம். வித்தியாசம் கருவின் பெயரில் வரவு. பிறகு அந்தக் கரு காமாவாகவோ நியூட்ரானாகவோ எதை வெளியே விடுகிறது என்று இன்னொரு கருவியில் பிடித்தால் அது செலவு. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்ததா என்று நேரத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரட்டைப் பதிவு முறைதான், வேறொன்றும் இல்லை.

வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுக்கும்?

தருமபுரி பக்கத்து ஆழமான வட்டக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தவளை. கிணறுதான் அணுக்கரு. தவளை அதற்குள் இருக்கும் நியூட்ரான்.

சின்ன உதை வாங்கினால் தவளை இரண்டு படி ஏறும். விளிம்பைத் தொடாது. மறுபடி கீழே விழும். விழும்போது அந்த ஆற்றல் காமா கதிராக வெளியே வரும். இதற்குப் பொதுவாக ஆகும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடி பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். பழம் மெஷினை விட்டு வெளியே வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே எல்லாம் முடிந்து, கரு பழையபடி ஆகிவிடும். மிச்சம் மீதி எதுவும் இல்லை.

பெரிய உதை விழுந்தால் தவளை விளிம்பைத் தாண்டி வெளியே குதித்துவிடும். நியூட்ரான் போனால் கரு அதே தனிமத்தின் வேறு ஐசோடோப்பாக மாறும். புரோட்டான் போனால் தனிமமே மாறும். மிஞ்சிய கரு நிலையானதாக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் அது பிறகு சிதையும். 'கதிரியக்கம் ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்னால் இல்லை.

இன்னும் பெரிய உதையில், புரோட்டான்கள் எல்லாம் ஒரு பக்கமும் நியூட்ரான்கள் எல்லாம் எதிர்ப்பக்கமுமாகக் கூட்டத்தோடு ஆட ஆரம்பிக்கும். 'ராட்சத இருமுனை ஒத்ததிர்வு' என்று பெயர். ஆக்சிஜனில் இது 22 மெ.எ.வோ. சுற்றுவட்டாரத்தில் உச்சத்துக்கு வரும், ஈயத்தில் 13-14 இலேயே. இந்த ஆட்டம் காமாவாக அடங்குவது மிக அபூர்வம். துகளைத் துப்பித்தான் அடங்கும்.

ஒரு சின்ன விசேஷம். கார்பன்-12 கருவுக்கு 7.65 மெ.எ.வோ.வில் ஒரு கிளர்வு நிலை இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரங்களில் இவ்வளவு கார்பன் உருவாகியிருக்க முடியாது என்று ஃப்ரெட் ஹாயில் அடித்துச் சொன்னார். 1953-ல் கலிஃபோர்னியாவில் சோதனை செய்து பார்த்தார்கள், இருந்தது! அந்த நிலைக்குப் போன கார்பன் பெரும்பாலும் மூன்று ஹீலியம் கருவாக உடைந்து போகும். ஏறத்தாழ 10,000-த்தில் 4 தடவை மட்டும் காமா கதிரை விட்டோ, எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியை விட்டோ முழு கார்பனாகத் தப்பிக்கும். அந்த ஜோடி விடும் வாய்ப்பைத் துல்லியமாகக் கணக்குப் போட உதவியது, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நடந்த எலக்ட்ரான் சிதறல் சோதனை. அப்படித் தப்பித்த கார்பன்தான் மாம்பழத்திலும் இருக்கிறது, அதைத் தின்கிறவர் உடம்பிலும் இருக்கிறது. கிளர்ந்த கரு எப்படிச் சிதைகிறது என்பது எங்கோ லேபில் நடக்கும் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது மாம்பழத்தின் கணக்கு

ஒவ்வொரு கருவுக்கும் கிணற்றின் ஆழம் வேறு. ஒரு நியூட்ரானைப் பிடுங்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்.

கார்பன்-12: 18.7 மெ.எ.வோ.
ஆக்சிஜன்-16: 15.7
பொட்டாசியம்-39: 13.1
நைட்ரஜன்-14: 10.55

பழத்தின் எடையில் கிட்டத்தட்ட எல்லாமே ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன்தான். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. மற்றவற்றில் கிணறு மேலோட்டமாக இருப்பது நைட்ரஜனுக்கு. அது 10.55. வரம்பு 10. இப்போது தெரிகிறதா அந்த நம்பர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று?

வரம்பைத் தாண்டி 20 மெ.எ.வோ. வைத்து அடித்தால் என்ன ஆகும்? நைட்ரஜன்-13 வரும் (அரை ஆயுட்காலம் 10 நிமிடம்), ஆக்சிஜன்-15 வரும் (2 நிமிடம்), கார்பன்-11 வரும் (20 நிமிடம்). மூன்றும் பாசிட்ரான் விட்டுச் சிதைபவை. மாம்பழம் கொஞ்ச நேரத்துக்கு உண்மையிலேயே கதிரியக்கப் பழம்தான். டார்ச் லைட் உதாரணம் சொன்னவர்கள் எங்கே போனார்கள்?

எதிர்க்கட்சி வக்கீல் இங்கே ஒரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். "10-க்குக் கீழே வாசல் உள்ள கருவே பழத்தில் கிடையாதா?" உண்டு. டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனுக்கு 2.2 போதும். கார்பன்-13-க்கு 4.9. ஆக்சிஜன்-17-க்கு 4.1. ஆக்சிஜன்-18-க்கு 8. இவை பழத்தில் மிகக் கொஞ்சமாக இருக்கின்றன. ஆனால் நியூட்ரானை இழந்த பிறகு இவை என்ன ஆகின்றன? வரிசையாகச் சாதாரண ஹைட்ரஜன், கார்பன்-12, ஆக்சிஜன்-16, ஆக்சிஜன்-17. அத்தனையும் நிலையானவை! கார்பன்-12 மூன்றாக உடைந்தாலும் கிடைப்பது பலூனில் அடைக்கும் ஹீலியம்தான்.

வெளியே வந்த அந்த ஒன்றிரண்டு நியூட்ரான்கள் பழத்தில் உள்ள சோடியம் போன்ற வேறு கருவில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கதிரியக்கமாக்கலாமே? ஆக்கலாம். பூஜ்யம் என்று சொல்வது பொய். ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எந்தக் கதிரும் படாத மாம்பழத்தின் ஒரு கிலோ சதையிலேயே, பொட்டாசியம்-40 காரணமாக, வினாடிக்குச் சுமார் 50 கருக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. தின்கிற மனிதன் உடம்பில் 4,000-க்கும் மேல். வரம்புக்குள் கொடுக்கும் கதிரால் கூடுவது இந்த இயற்கை அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

எக்ஸ் கதிருக்கு ஏன் 10 இல்லாமல் 5? அதற்கும் காரணம் உண்டு. எக்ஸ் கதிரின் ஃபோட்டானைக் கரு நேரடியாக விழுங்கிவிடும். எலக்ட்ரான் பக்கத்தில் போய் உரசித்தான் ஆற்றலைக் கொடுக்க வேண்டும், அதற்கான வாய்ப்பு சுமார் நூறு மடங்கு குறைவு. அதனால் எக்ஸ் கதிருக்குக் கடிவாளம் இன்னும் இறுக்கம். கோபால்ட்-60 விடும் காமாக்களோ வெறும் 1.17-ம் 1.33-ம். அவற்றால் டியூட்டீரியத்தின் 2.2 வாசலைக்கூடத் தொட முடியாது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கேயும் எலக்ட்ரான் முடுக்கிதான். 15, 18 மெகா வோல்ட்டில் இயங்கும் மெஷின் இருக்கும் அறைகளில் நியூட்ரான் கணக்கையும் சேர்த்துத்தான் சுவரும் கதவும் கட்டுகிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் உலோகங்களே கொஞ்ச நேரம் கதிரியக்கமாக இருக்கும். 6 மெகா வோல்ட் மெஷினுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதே இயற்பியல்தான், வாசலுக்கு மேலே ஒரு கதை, வாசலுக்குக் கீழே இன்னொரு கதை.

யார் மேல் கோபப்பட வேண்டும்?

பயமுறுத்துகிறவர்கள் மேல் முதலில். தமிழில் 'கதிர்வீச்சு' வேறு, 'கதிரியக்கம்' வேறு. முன்னது மேலே வந்து படுவது. பின்னது உள்ளே இருந்து வருவது. மழையில் நனைந்தவனையும் ஊற்றையும் ஒன்று என்று சொல்வது போல இரண்டையும் குழப்பி, ஒரு விவசாயியின் சரக்கு மேல் சேற்றை அடிப்பது அநியாயம். எதிர்க்க வேண்டும் என்றால் எதிர்க்க நிஜமான விஷயங்கள் இருக்கின்றன. கதிர்வீச்சால் சில வைட்டமின்கள் குறையும். அளவு மீறினால் வேதியியல் மாற்றங்கள் வரும். மிக அதிக அளவு கதிர் கொடுத்த தீனியைத் தின்ற பூனைகளுக்கு நரம்புக் கோளாறு வந்ததால், 2009-ல் ஆஸ்திரேலியா பூனைத் தீனிக்குக் கதிர் கொடுப்பதையே நிறுத்தியது. அங்கேயும் கதிரியக்கம் காரணம் இல்லை. இதைப் பற்றிக் கேளுங்கள், லேபிள் ஒழுங்காக ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள், கட்டணம் யார் தலையில் விழுகிறது என்று கேளுங்கள். அத்தனையும் நியாயமான கேள்விகள்.

அடுத்து, 'பயப்படாதீங்க' பார்ட்டிகள். பச்சை முத்திரையை ஒட்டிவிட்டு, "பாதுகாப்பானது, அரசு அங்கீகரித்தது" என்று இரண்டு வரி எழுதினால் கடமை முடிந்ததா? கூடங்குளம் சமயத்திலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். ஜனங்கள் கேட்டது காரணம், கிடைத்தது சர்டிபிகேட். அணு உலையும் மாம்பழ மெஷினும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் விளக்கம் சொல்லாமல் 'நம்பு' என்று சொல்கிற வாய் ஒன்றுதான். அதனால்தான் ஒன்றின் மேல் உள்ள சந்தேகம் இன்னொன்றின் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது, பள்ளிக்கூடம். பிளஸ் டூ இயற்பியலில் அணுக்கருப் பாடம் இருக்கிறது. பிணைப்பாற்றல் வரைபடம் இருக்கிறது. பையன்களும் பெண்களும் மனப்பாடம் செய்து 5 மார்க் வாங்குகிறார்கள். ஒரு நியூட்ரானைப் பிடுங்க என்ன செலவு என்பதுதான் அந்தப் படத்தின் அர்த்தம், அந்தச் செலவுதான் தன் தோப்பு மாம்பழத்துக்கு வைத்த வரம்பு என்று காரிமங்கலத்துப் பையனிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அந்த வாட்ஸ்அப் செய்தி அவன் போனோடு நின்றிருக்கும்.

இதனால் மாம்பழ விலை நாளைக்கே ஏறிவிடாது. கிளிமூக்கு பெரும்பாலும் கூழுக்குத்தான் போகும். ஏற்றுமதிக்கு ரகம் வேண்டும், குளிர்பதனக் கிடங்கு வேண்டும், விமானக் கூலி வேண்டும், காகிதம் சரியாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் மும்பையில் கதிர் கொடுத்த 15 சரக்குகளை அமெரிக்கா திருப்பியடித்ததே, எதற்கு? கதிரியக்கம் என்று சொல்லி இல்லை, பேப்பரில் குறை என்று சொல்லி! சந்தையின் சிக்கல்கள் தனி. ஆனால் அந்தச் சிக்கல்களோடு பொய்யான பயத்தையும் விவசாயி தலையில் ஏற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அடுத்த சீசனில் டீக்கடையில் அந்தப் பேச்சு மறுபடி வரும். "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். "18-ல வச்சு அடிச்சா கண்டிப்பா ஆகும்ணா. அதனாலதான் 10-லயே நிறுத்தறாங்க. நைட்ரஜனுக்கு வாசல் 10.55" என்று சொல்லுங்கள். கேட்பவர் முழிப்பார். ஏன் என்று கேட்பார். இன்னொரு டீ சொல்லிவிட்டு, கிணற்றுத் தவளைக் கதையை ஆரம்பியுங்கள்.